அந்தப் படத்துல ஊர் எங்க இருக்கு?

கேட்டது இதுதான்: "ஆப்பிரிக்க நகர வாழ்க்கையை கொலாஜ்ல காட்டுறவங்கன்னு ஒரு நைஜீரிய ஆர்ட்டிஸ்ட் படத்தை போட்டிருந்தாங்க. பார்த்தா ஒரு ஹால், ஒரு சோபா, ரெண்டு மூணு பேர், அவ்ளோதான். ரோடு இல்ல, பஸ் இல்ல, பில்டிங் இல்ல. இதுல சிட்டி எங்க இருக்கு? சுவர்ல எல்லாம் ஏன் மங்கலா போட்டோவா ஒட்டி வெச்சிருக்கு? இதைப் போயா இருபது கோடிக்கு வாங்குறாங்க?"

நீங்க சொல்றது என்ஜிடெக்கா அக்குன்யிலி கிராஸ்பியோட படமாத்தான் இருக்கணும். நான் ஆர்ட் காலேஜ் பக்கம் போனவன் இல்ல, எனக்கு பிரிண்டிங் லைன். நைஜீரியாவுல லாகோஸ்ங்கிற பெரிய சிட்டில நாலு வருஷம் ஒரு பேக்கேஜிங் பிரஸ்ல இருந்தேன், அப்பதான் ஒரு மேகசின்ல இவங்க படத்தை முதல்ல பார்த்தேன், பார்த்ததும் தோணினது இது யாரோ ஜெராக்ஸ் மெஷினோட மல்லுக்கட்டியிருக்காங்கன்னுதான். அதுக்கப்புறம் பிடிச்சுப் போயி கிடைச்சதை எல்லாம் தேடித்தேடி பார்த்துக்கிட்டே இருக்கேன்.

சிட்டி எங்கன்னா, அந்த மங்கலான போட்டோக்கள்தான் சிட்டி. ஜன்னலுக்கு வெளிய தேடாதீங்க. அவங்க ஊரை வெளிய வைக்க மாட்டாங்க, சுவர்ல, தரையில, பாவாடையில, சில சமயம் ஆளோட தோல்லயே வெச்சிருப்பாங்க.

அது எப்படி பண்றாங்கன்னு முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா மத்ததெல்லாம் இதுல இருந்துதான் வருது. கொலாஜ்னு சொன்னாலும் வெட்டி பசை போட்டு ஒட்டுறது கொஞ்சம்தான், பெரும்பாலும் டிரான்ஸ்ஃபர். நைஜீரிய மேகசின், பாட்டு கேசட் கவர், பழைய விளம்பரம், குடும்ப ஆல்பம், நெட்ல கிடைச்சது எல்லாத்தையும் சேர்த்து பிரிண்ட் எடுத்து, அந்த பிரிண்டை பெரிய பேப்பர் மேல குப்புற வெச்சு, பின்பக்கம் அசிட்டோன் தடவி அழுத்தித் தேய்ச்சா மை இந்தப் பேப்பர்லேந்து அந்தப் பேப்பருக்கு இறங்கிடும். நானே வீட்ல ட்ரை பண்ணேன். பொண்ணோட நெயில் பாலிஷ் ரிமூவர், ஒரு ஸ்பூன், கல்யாண போட்டோவோட ஒரு பிரிண்ட். முதல் தடவை ஒண்ணுமே வரல, ஏன்னா அது இங்க்ஜெட். லேசர் பிரிண்ட்ல இருக்கிற டோனர் ஒரு மாதிரி பிளாஸ்டிக் பொடி, அதைத்தான் அசிட்டோன் கரைக்கும், இது என் தொழில்லயே தெரிஞ்ச விஷயம், ஆனா சொந்த வீட்ல மறந்து போச்சு. ரெண்டாவது தடவை வந்துச்சு, எப்படி வந்துச்சுன்னா, நான் இடது வலது மாறி நிக்கிறேன், என் மனைவியோட முகத்துல பாதி இறங்கல, தேய்ச்ச இடத்துல அழுத்தம் கூடினது கருப்பா, குறைஞ்சது புகையா. வீடு முழுக்க நாத்தம், திட்டு வேற. (ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு பண்ணுங்க.)

பாதி இறங்கி, பாதி இறங்காம, கண்ணாடியில பார்க்கிற மாதிரி திரும்பி நிக்கிற அந்தப் படம் இருக்கே, ஊரை விட்டு வந்தவனுக்கு ஊர் ஞாபகம் வர்றது அப்படியேதான். அதனாலதான் அவங்க பெயிண்ட்ல மட்டும் வரையாம இப்படியும் பண்றாங்கன்னு எனக்குப் படுது. இந்த டெக்னிக்கை அவங்க கண்டுபிடிக்கல, அமெரிக்காவுல ராபர்ட் ரவுஷன்பெர்க் 1950கள் கடைசியிலயே சிகரெட் லைட்டர்ல ஊத்துற ஆயிலை வெச்சு இதே மாதிரி நியூஸ்பேப்பர் படத்தை இறக்கினவர். ஆனா எதை இறக்கறோம்ங்கிறதுதானே விஷயம்.

இப்ப அவங்க கதை கொஞ்சம். 1983ல எனுகுல பிறந்தாங்க. நைஜீரியாவோட தென்கிழக்குல, இக்போ மக்கள் ஊர், நிலக்கரி சுரங்கத்தால வளர்ந்த டவுன், 1967ல பியாஃப்ரா தனி நாடுன்னு அறிவிச்சப்போ அதுக்குத் தலைநகரமா இருந்தது. அப்பா சர்ஜன், அம்மா பார்மகாலஜி ப்ரொஃபசர். பாட்டி வீடு கிராமத்துல, லீவுக்கு அங்க. அப்புறம் பத்து வயசுவாக்குல ஹை ஸ்கூல் படிக்க லாகோஸ், க்வீன்ஸ் காலேஜ், ஹாஸ்டல். 1999ல பதினாறு வயசுல அமெரிக்கா. குடும்பத்துக்கு கிரீன் கார்டு லாட்டரி விழுந்திருக்கு. அந்த 1999தான் நைஜீரியாவுல ராணுவ ஆட்சி முடிஞ்சு சிவிலியன் ஆட்சி வந்த வருஷம், அதாவது அவங்களோட சின்ன வயசு முழுக்க ஜெனரல்கள் காலம், பாபங்கிடா, அபாச்சா. அந்த யூனிஃபார்ம் முகங்களும் அவங்க சுவர்கள்ல பாட்டுக்காரங்க, மாடல் பொண்ணுங்க, கல்யாண ஜோடிகளோட கலந்து கிடக்கும். யாரையும் தனியா பெருசாக்க மாட்டாங்க, எல்லாம் ஒரே சைஸ், அடுத்தடுத்து, பழைய பேப்பர் கடை கட்டு மாதிரி. டாக்டர் ஆகணும்னு பயாலஜி படிக்கப் போன பொண்ணு ஸ்வார்த்மோர் காலேஜ்ல பெயிண்டிங்கையும் சேர்த்து எடுத்து, கடைசியில 2011ல யேல் யூனிவர்சிட்டில ஓவியத்துல எம்எஃப்ஏ டிகிரி முடிச்சாங்க.

ஒரு படம் சொல்றேன். 2012ல பண்ணது, பேரே ஒரு அட்ரஸ்: "5 உமெசெபி ஸ்ட்ரீட், நியூ ஹேவன், எனுகு". சொந்தக்காரங்க நிறைஞ்ச ஒரு ஹால், பெரியவங்க, குழந்தைங்க, எல்லாரும் கூடியிருக்காங்க. இந்த நியூ ஹேவன் எனுகுல ஒரு ஏரியா. அவங்க படிச்ச யேல் யூனிவர்சிட்டி இருக்கிற அமெரிக்க ஊர் பேரும் நியூ ஹேவன். சும்மா வீட்டு அட்ரஸை தலைப்பா வெச்சுட்டு விட்டுட்டாங்க, ரெண்டு ஊரும் அதுல வந்து உட்கார்ந்துடுச்சு. இதை யாரும் விளக்காமலே புரிஞ்சிக்கிட்டப்போ எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"சூப்பர் ப்ளூ ஓமோ"ன்னு 2016ல ஒண்ணு. ஓமோங்கிறது நைஜீரியாவுல வாஷிங் பவுடர் பேரு, எந்த பிராண்டா இருந்தாலும் அங்க பல பேர் ஓமோன்னுதான் கேப்பாங்க, நம்ம ஆளுங்க எந்த நூடுல்ஸையும் மேகின்னு சொல்ற மாதிரி. படத்துல நீலம் பூசின ரூம், தனியா ஒரு பொண்ணு உட்கார்ந்து எங்கயோ பார்த்துக்கிட்டு இருக்கா, ஒரு பக்கம் டிவி, அதுல பழைய ஓமோ விளம்பரம். அவளோ டிவிய பார்க்கல. பிரின்ட் பண்றவனா எனக்கு அந்த நீலம் மேலதான் கண்ணு. சலவைக்குப் போடுற நீலத்தையே ரூம் முழுக்க கலக்கி விட்ட மாதிரி. நம்மூர் சொட்டு நீலம் ஞாபகம் வந்தா நான் பொறுப்பு இல்ல.

"மாமா, மம்மி அண்ட் மாம்மா"ன்னு 2014ல பண்ண படத்துல மூணு தலைமுறை. மேஜை முன்னாடி அவங்க கூடப்பொறந்த பொண்ணு உட்கார்ந்திருக்கா, அம்மாவும் பாட்டியும் ஃப்ரேம் போட்ட போட்டோவா சுவர்ல. மேஜை மேல வெச்சிருக்கிற சாமானைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்தேன், மண்ணெண்ணெய் விளக்கு. லாகோஸ்ல இருந்தவனுக்குத்தான் தெரியும் அந்த விளக்கோட அருமை. கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு கடவுளுக்கே தெரியாது. கரண்ட் கம்பெனி பேரு முன்னாடி நெப்பா, ராத்திரி லைட் வந்ததும் தெரு முழுக்க குழந்தைங்க "அப் நெப்பா!"ன்னு கத்துவாங்க, கம்பெனி பேரு மாறின பிறகும் கத்தறது மாறல. வாசல்ல வெக்கிற சின்ன ஜெனரேட்டருக்கு அங்க பேரு "ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்", அதாவது பக்கத்து வீட்டுக்காரனை விட நான் ஒரு படி மேல. டாக்டர் வீடானாலும் ப்ரொஃபசர் வீடானாலும் மண்ணெண்ணெய் விளக்கு உண்டு, பாட்டி காலத்துலயும் உண்டு பேத்தி காலத்துலயும் உண்டு. ஒரு விளக்கை மேஜை மேல வெச்சு அந்த நாட்டோட நாப்பது வருஷத்தை சொல்லிட்டுப் போயிடறாங்க, நாமதான் ரோடு எங்க பில்டிங் எங்கன்னு தேடிக்கிட்டு இருக்கோம்.

என்ஜிடெக்காவோட அம்மாவைப் பத்தி சொல்லாம விட்டா படத்துல பாதி புரியாது. டோரா அக்குன்யிலி. நைஜீரியாவுல இந்தப் பேரு தெரியாத ஆள் இல்ல. 2001ல நாஃப்டாக்னு, மருந்து, உணவுப் பொருள் கண்ட்ரோல் பண்ற அரசு ஏஜென்சிக்கு தலைவரா வந்து போலி மருந்து மாஃபியாவை ஓட ஓட விரட்டினவங்க. அவங்க சொந்த தங்கச்சி போலி இன்சுலின் போட்டு 1988ல செத்துப் போனது பின்னால இருக்கு. 2003 டிசம்பர்ல கார்ல போகும்போது அவங்களை யாரோ சுட்டாங்க, குண்டு தலையில கட்டியிருந்த துணியைத் துளைச்சுக்கிட்டு போச்சு, தப்பிச்சாங்க. பின்னாடி மந்திரியாவும் இருந்தாங்க, 2011ல செனட்டுக்கு நின்னு தோத்தாங்க, 2014 ஜூன்ல கேன்சர்ல இறந்தாங்க, இறந்தது இந்தியாவுல ட்ரீட்மெண்டுக்கு வந்த இடத்துல.

இதுல படத்துக்கு என்ன சம்பந்தம்னா, அங்க எலெக்‌ஷன், கல்யாணம், சாவு, போப் வருகை எதுவானாலும் அந்த ஆளோட முகத்தை வரிசை வரிசையா அச்சடிச்ச துணி போடுவாங்க, அதைத் தெச்சு எல்லாரும் போட்டுக்கிட்டு வருவாங்க. நம்ம பக்கம் ஃப்ளெக்ஸ்ல அடிக்கிறதை அவங்க உடம்புலயே போட்டுக்கறாங்க. கல்யாணத்துக்கு சொந்தபந்தம் எல்லாம் ஒரே துணியில வர்றதுக்கு அசோ எபின்னு பேரு, யொருபா மக்களோட வழக்கம், இப்ப நாடு பூரா பரவிடுச்சு. அம்மா தேர்தலுக்கு அடிச்ச துணியை மகள் எடுத்து படத்துல சேர்த்துக்கிட்டாங்க. மியூசியத்துல அவங்க படத்துக்குப் பக்கத்துல என்னென்ன பொருள்ல பண்ணதுன்னு போட்டிருக்கிற லிஸ்டைப் பாருங்க, அக்ரிலிக், டிரான்ஸ்ஃபர், கலர் பென்சில், கொலாஜ், அப்புறம் நினைவுத் துணின்னு சில படங்களுக்கு இருக்கும். மத்தவங்களுக்கு அது பேட்டர்ன். அவங்களுக்கு அம்மா முகம், அதுவும் நூறு தடவை.

துணின்னு வந்ததால ஒண்ணு சொல்லிடறேன், இது நமக்கு நெருக்கமான விஷயம். இக்போ பெண்கள் விசேஷத்துக்கு இடுப்புல கட்டுற உசந்த துணிக்கு ஜார்ஜ்னு பேரு. லாகோஸ் பாலோகுன் மார்க்கெட்ல ஒரு கடைக்காரம்மா என்னை இந்தியன்னு தெரிஞ்சதும் "உங்க ஊர்லேந்துதான் ஜார்ஜ் வருது"ன்னு ஒரு கட்டைத் தூக்கிப் போட்டாங்க. மெட்ராஸ் ஜார்ஜ் கோட்டை வழியா கப்பல் ஏறிப் போனதால அந்தப் பேருன்னு சொல்றாங்க. மெட்ராஸ் கைக்குட்டைன்னு கட்டம் போட்ட கைத்தறித் துணி நூறு நூறு வருஷமா மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கு, அங்க கலபாரி மக்கள் அதை இஞ்சிரின்னு சொல்லுவாங்க, பிறப்பு இறப்புச் சடங்கு எல்லாத்துக்கும் வேணும். வந்து சேர்ந்த பொருளை தன்னோடதா ஆக்கிக்கறது அந்த ஊருக்கு எவ்வளவு பழக்கம்னு அந்தக் கடையில நின்னப்போதான் புரிஞ்சுது.

சரி, அவங்க தன்னை எப்படிக் காட்டிக்கறாங்கங்கிறதுக்கு வருவோம். அவங்க கட்டிக்கிட்டது ஒரு வெள்ளைக்கார அமெரிக்கரை. நிறைய படத்துல அவர் இருக்கார், அதுவும் நைஜீரிய ஹால்ல, மாமனார் வீட்டு சோபாவுல, கொஞ்சம் கூச்சமா. 2010ல "ஐ ரெஃப்யூஸ் டு பி இன்விசிபிள்"னு ஒரு படம், ஜோடி ஆடிக்கிட்டு இருக்கு, சுத்தி கூட்டம், அவங்க மட்டும் திரும்பி நேரா நம்மளைப் பார்க்கறாங்க. "இப்ப என்ன?"ன்னு கேக்கிற பார்வை. ஆப்பிரிக்கப் பொண்ணுன்னா கஷ்டம், பஞ்சம், போர்னு எதிர்பார்த்து வர்றவங்களுக்கு அந்தப் பார்வையே பதில். டீ கப், சோபா, டிவி, பார்ட்டி, கல்யாணம், லவ். அதைத் தாண்டி பெருசா ஒண்ணும் நடக்காது, வேணும்னே நடக்க விட மாட்டாங்க.

2018ல லாஸ் ஏஞ்சலஸ் மோக்கா மியூசியத்தோட வெளிச்சுவரை அவங்க படத்தால போர்த்தினாங்க. அதுக்கு வெச்ச பேரு "ஒபோடோ". இக்போ வார்த்தை. அமெரிக்கர்களுக்காக பின்னாடி விளக்கம் போட வேண்டியிருந்துச்சு: நாடு / நகரம் / டவுன் / பூர்வீக கிராமம். நாலு வார்த்தை தேவைப்பட்டுச்சு பாருங்க. நமக்கு அந்த விளக்கமே வேணாம், ஊர்னு ஒரே வார்த்தை. இருபது வருஷமா மெட்ராஸ்ல இருக்கிறவனை "எந்த ஊரு?"ன்னு கேட்டா சின்னமனூர்னுதான் சொல்லுவான். லாகோஸ்லயும் அதே கதைதான், என் டிரைவர் அங்கயே பிறந்து வளர்ந்தவர், ஊரு எதுன்னா அப்பாவோட கிராமத்தைச் சொல்லுவார், கிறிஸ்துமஸுக்கு கிழக்கே போற பஸ்ல இடம் பிடிக்க ஒரு மாசம் முன்னாடியே அலைவார். அதனாலதான் அந்த ஹால் படங்கள்ல கிராமத்துப் பாட்டி மேஜை, எனுகு சோபா, லாகோஸ் மேகசின், அமெரிக்க ஹீட்டர் எல்லாம் ஒரே ரூம்ல கிடக்கும். சிட்டின்னு தனியா ஒண்ணு இல்ல அவங்களுக்கு, எல்லாம் சேர்ந்து ஒபோடோ.

ரோடும் பஸ்ஸும் நேரடியா வேணும்னா நீங்க தெற்கே போகணும். தென்னாப்பிரிக்காவுல சாம் ன்லெங்கெத்வான்னு ஒருத்தர், 1955ல பிறந்தவர், ஜோஹன்னஸ்பர்க் தெரு, சுரங்கம், ஜாஸ் கிளப் எல்லாத்தையும் கொலாஜா கொண்டு வந்தவர். நிறவெறியை எதிர்த்துப் போராடின ஸ்டீவ் பீகோ 1977 செப்டம்பர்ல போலீஸ் காவல்ல செத்தப்போ, அவர் சாவு என்னை ஒண்ணும் பண்ணலன்னு அப்போதைய போலீஸ் மந்திரி சொன்னார், அந்தப் பேச்சையே தலைப்பாக்கி 1990ல ஒரு கொலாஜ் பண்ணார், வெட்டின போட்டோத் துண்டுகளால கட்டின உடம்பு தரையில கிடக்கும். அங்க வெட்டுறதே ஒரு சாட்சி மாதிரி. கே ஹாசன்னு இன்னொருத்தர், ரோட்டோர விளம்பர போர்டு பேப்பரைக் கிழிச்சு கிழிச்சு பெரிய பெரிய ஆள் முகமா ஒட்டுவார். நைரோபில பிறந்த வாங்கெச்சி முத்து மேகசின் துண்டுகள்ல பாதி பொண்ணு பாதி மிருகம் மெஷின்னு உருவங்கள் பண்ணுவாங்க, அது வேற உலகம், அதுல நகரத்தை விட பெண் உடம்பை யார் எப்படிப் பார்க்கறாங்கங்கிறதுதான் பிரச்சனை.

என்ஜிடெக்கா மேல எனக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிடறேன். இது படிச்சவங்க வீட்டு லாகோஸ். மஞ்சள் கலர்ல கருப்புக் கோடு போட்ட டான்ஃபோ வேன்ல தொங்கிட்டுப் போறவன், கோ-ஸ்லோன்னு அங்க சொல்ற டிராஃபிக் ஜாம்ல ஓடி ஓடி தண்ணி பாக்கெட் விக்கிற பையன், அவங்க எல்லாம் இந்த ஹாலுக்குள்ள வரல. வந்தாலும் சுவர் போட்டோவாத்தான். ஆனா அவங்க தனக்குத் தெரிஞ்ச வீட்டைத்தான் வரையறாங்க, எல்லாருக்குமா பேசறேன்னு சொன்னதில்ல, அதனால இந்தக் குறையோட சேர்த்தே பிடிக்குது.

காசு விஷயம் சீக்கிரம் முடிச்சிடறேன். 2016 நவம்பர்ல ஒரு படம் ஏலத்துல பத்து லட்சம் டாலரைத் தாண்டுச்சு, அடுத்த மார்ச்லயே லண்டன்ல கிறிஸ்டீஸ்ங்கிற ஏலக் கம்பெனியில இன்னொண்ணு கிட்டத்தட்ட முப்பது லட்சம் டாலர், நீங்க சொன்ன இருபது கோடி அதுதான். அந்தப் பணம் அவங்களுக்குப் போகல, முன்னாடி குறைஞ்ச விலைக்கு வாங்கி வெச்சிருந்தவங்களுக்குப் போச்சு. விலை ஏறினதுக்கு முக்கிய காரணம் சரக்குத் தட்டுப்பாடுதான். நிறைய படங்கள் ஆள் உயரத்துக்கு மேல, டிரான்ஸ்ஃபரை ஒண்ணொண்ணா இறக்கணும், வருஷத்துக்கு விரல் விட்டு எண்ற அளவுதான் முடிப்பாங்க, மியூசியங்க வேற க்யூவுல. 2018ல "புஷ் பேபீஸ்"ன்னு ஒரு படத்தை அவங்களே நியூயார்க் ஹார்லம் ஸ்டூடியோ மியூசியம் புதுக் கட்டிடத்துக்காக கொடுத்தாங்க, அது ஏலத்துல முப்பத்து மூணு லட்சம் டாலருக்கு மேல போச்சு. 2017ல மெக்ஆர்தர் ஃபெல்லோஷிப்னு அமெரிக்காவுல கொடுக்கிற பெரிய பரிசும் கிடைச்சுது.

நேர்ல ஒண்ணே ஒண்ணுதான் பார்த்திருக்கேன், அதுவும் அச்சடிச்சது. 2018 டிசம்பர்ல லண்டன் போனப்போ பிரிக்ஸ்டன் அண்டர்கிரவுண்ட் ஸ்டேஷன் வாசல் மேல "ரிமெயின், த்ரைவிங்"னு பெருசா ஒட்டியிருந்துச்சு. கரீபியன்லேந்து கப்பல்ல வந்தவங்களோட பேரப்பிள்ளைங்க ஒரு ஹால்ல உட்கார்ந்திருக்காங்க. கீழ ஆபீஸ் முடிஞ்சு கூட்டம் இடிச்சுக்கிட்டுப் போகுது, நான் நடுவுல நின்னு அண்ணாந்து கார்பெட்டுல என்னென்ன போட்டோ இருக்குன்னு எண்ணிக்கிட்டு இருந்தேன், பின்னாடி ஒரு அம்மா "மூவ் ஆன், லவ்"னு முதுகுல தட்டிட்டுப் போனாங்க, நாலு அடி போயி அவங்களும் திரும்பி நின்னு மேல பார்த்தாங்க.

போன்ல பார்க்கிறதா இருந்தா முகத்துக்குப் போகாதீங்க, தரையில ஆரம்பிங்க, அங்கேந்து சுவருக்கு ஏறுங்க, ஆளுங்களை கடைசியில பாருங்க. நான் சூப்பர் ப்ளூ ஓமோவை அப்படித்தான் ரெண்டாவது தடவை பார்த்தேன், டிவி முன்னாடி உட்கார்ந்திருக்கிற பொண்ணு கிட்ட வந்து சேர இருபது நிமிஷம் ஆச்சு.